செட்டிநாட்டில் பிள்ளைகளோடு நடக்க: கோயில்காடு, கண்மாய்க்கரை சேர்ந்த வழி ஏதாவது?

தேன்குழல் | டிசம்பர் 11, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம். ஏழு வயதுப் பையன், நாலு வயதுப் பெண், கூடவே என் மாமியார். அவருக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏற முடியாது.

ஒவ்வொரு முறையும் பழைய செட்டிநாட்டு வீடு பார்க்கிறோம், ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்க்கிறோம், பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் போய்விட்டுப் பலகாரம் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைகளுக்கு அந்த வீடுகளின் முகப்பும் வளவும் (நடுமுற்றம்) பட்டாலையும் (கூடம்) அரைமணி நேரத்தில் சலித்துப்போகின்றன. சென்னையில் அடுக்குமாடியில் வளர்கிறவர்கள். மரத்தடியில் நடக்கவேண்டும், தண்ணீரும் பறவையும் பார்க்கவேண்டும். மலையேற்றம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், பாதி வழியாவது நிழல் வேண்டும்.

காடு என்று ஒருவர் சொன்ன இடத்துக்குப் போனோம். வரிசை வரிசையாகத் தைலமரம். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. உள்ளூர்க்காரர்கள்தான் வழி சொல்லவேண்டும்.

கண்மாய்க்கரை | டிசம்பர் 11, இரவு 10.55

நீங்கள் தேடுவது செட்டிநாட்டில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, அதனால் தேடலில் வராது. ஊருக்கு வெளியே ஒரு கண்மாய், அதாவது பாசன ஏரி. அதன் கரையோரமோ கலுங்குப் (மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) பக்கமோ ஓர் அய்யனார் கோயில், அதைச் சுற்றிக் கோயில்காடு. ஊருக்குள் திரும்பினால் ஊருணி, குடிதண்ணீர்க் குளம். இந்த மூன்றையும் கோத்து நடந்தால் நீங்கள் கேட்ட வழி வந்துவிடும்.

எங்கள் ஊர் வழியைச் சொல்கிறேன். திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள்.

வண்டியை ஊருணிப் பக்கம் நிறுத்திவிட்டு வயலுக்கு நடுவே கிராவல் சாலையில் பத்து நிமிடம் நடக்கவேண்டும். பொங்கல் சமயத்தில் நெல் அறுப்புக்கு நிற்கும். வயல் முடியும் இடத்தில் டிராக்டர் ஏறுகிற ஒரு சின்னச் சரிவு, அதில் ஏறினால் கண்மாய்க்கரை. மேலே ஒரு வண்டி போகும் அகலம், இரண்டு பக்கமும் பனை. காலை ஆறரைக்குள் அங்கே இருங்கள். நம் பகுதியில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடல் பக்கம் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கிலும் தென்கிழக்கிலும்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் வெயில் முதுகில் விழும், கண் கூசாது, எதிரில் உள்ள பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் எல்லாம் கருநிழலாகத் தெரியும்.

கரையில் பாதி தூரத்தில் மடை வரும். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண், நடுவே குறுக்குக்கல், அதற்குக் கீழே குமிழி, தண்ணீர் இறங்கும் துளை. அங்கே கொஞ்சம் நின்று எப்படி வேலை செய்கிறது என்று பையனுக்குச் சொல்லுங்கள். அடைப்பைத் தூக்கினால் கரைக்கு அடியில் உள்ள வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். கரையின் கடைசியில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது, அங்கே நிறைந்து அதற்கடுத்த ஊருக்கு. மழையில் பெரும்பங்கு அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டும் ஊர் இது. அந்தத் தண்ணீரை அடுத்த கோடை வரை நிறுத்தி வைக்கச் செய்த ஏற்பாடு இந்தச் சங்கிலி.

கலுங்கைத் தாண்டினால் கோயில்காடு. பெரிய காடில்லை, கால் மணியில் சுற்றிவிடலாம். ஆனால் உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றுவிடும். வீரை, பாலை, காயா, காட்டெலுமிச்சை எல்லாம் நெருக்கி நிற்கும். நம் பகுதியில் மனிதன் கை வைக்காமல் விட்டிருந்தால் பல இடங்களில் இப்படித்தான் இருந்திருக்கும் என்பார்கள். கோடையிலும் இலை உதிர்க்காத கரும்பச்சைக் காடு. தைலமரத் தோப்பில் நீங்கள் கேட்காத சத்தமெல்லாம் இங்கே கேட்கும்.

திரும்ப ஊருணிக்கு ஒரு வண்டிப்பாதை. மொத்தம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நின்று பார்த்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரம்.

நத்தைக்குத்தி | டிசம்பர் 12, காலை 6.10

கண்மாய்க்கரை அண்ணன் சொன்னதோடு வேட்டங்குடிப் பறவைகள் காப்பகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூரில் இருந்து மேலூர் போகும் வழியில், கொள்ளுக்குடிப்பட்டி. காரைக்குடியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய் சேர்ந்தது. பரப்பு 38.4 ஹெக்டேர்தான். 1977-இல் காப்பகமாக அறிவித்தார்கள். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், மழை நன்றாகப் பெய்த வருடமாக இருக்கவேண்டும்.

அங்கே உள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கோயில் திருவிழாவுக்கும் போடுவதில்லை. கூட்டில் இருக்கும் பறவை கலைந்துவிடும் என்பதற்காகத் தலைமுறைகளாக இருக்கிற கட்டுப்பாடு. தீபாவளிக்கு வனத்துறை அந்த ஊர்களுக்கு இனிப்புக் கொடுப்பது வழக்கம். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரையில் சத்தம் போடாதே என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

என்ன பார்க்கலாம் என்றால், முதலில் என் பெயர்க்காரன்தான். நத்தைக்குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். வழுக்கும் நத்தையைப் பிடிக்க வசதி. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். ஒரே மரத்தில் பெரிய பறவையும் குஞ்சும் இருந்தால் பையனிடம் எது எது என்று கேளுங்கள், அலகைப் பார்த்தே சொல்லிவிடுவான். பாம்புத்தாரா உடம்பை முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். பாம்பு போலவே இருக்கும், சின்னவள் பயப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கரைக்கு வந்ததும் இறக்கையை விரித்துக் காயவைக்கும், ஏனென்றால் அதன் இறகில் தண்ணீர் ஊறும். கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், புள்ளிமூக்கு வாத்து எல்லாம் தண்ணீர் இருக்கிற வருடம் கிடைக்கும்.

ஆனால் ஒரு விஷயம். காப்பகத்தில் பறவை நிறைய, நடை குறைவு. கரையில் நின்று பார்ப்பதுதான். நடப்பதற்கு அண்ணன் சொன்ன மாதிரி ஊர்க் கண்மாய்தான் சரி. இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்குழல் | டிசம்பர் 12, காலை 8.25

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு கேள்வி. பாம்பு? அப்புறம், கண்மாயில் இறங்கலாமா? பையன் தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான்.

செவிலி சிவகங்கை | டிசம்பர் 12, பகல் 1.15

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் பெரிய ஆபத்து. இறங்கக்கூடாது. கணுக்கால் அளவுத் தண்ணீரானாலும் இறங்கக்கூடாது. நம் கண்மாய்களில் வண்டலும் சவுடும் கிராவலும் அள்ளிய குழிகள் இருக்கின்றன. மழை நிறைந்தபிறகு மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். இரண்டு எட்டு வைத்ததும் ஆள் மூழ்கும் ஆழம். ஒவ்வொரு வருடமும் இப்படிப் பிள்ளைகள் போகிறார்கள், நான் வார்டில் பார்த்திருக்கிறேன். கரைமேல் நடக்கும்போது நாலு வயதுப் பிள்ளையின் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்கவேண்டும். பையனுக்குக் கலுங்குக் கல்லும் ஆகாது, பாசி வழுக்கும்.

பாம்பு உண்டு. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் நிறைய, அவற்றால் ஒன்றும் ஆகாது. நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் உண்டு. மிதிக்கும் பாதையை விட்டு இறங்காமல், பகலில், பார்த்து நடந்தால் பயம் வேண்டாம். மூடிய செருப்பு, முழுக்கால் சட்டை. கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். பச்சிலை, மந்திரிப்பு என்று யார் சொன்னாலும் நேரத்தை வீணாக்கக்கூடாது.

பாம்பைவிட நான் பயப்படுவது கதண்டுக்கு, பெரிய விஷக் குளவி அது. பனையிலோ பெரிய மரத்திலோ மண் நிறத்தில் கூடு தொங்கும். ஒன்று கொட்டினால் கூட்டமே வரும், பெரியவர்கள்கூட இறந்திருக்கிறார்கள். கல் எறியக்கூடாது, பக்கத்தில் புகை போடக்கூடாது. கூட்டைப் பார்த்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஊர்க்காரர்களுக்கு எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரியும், கிளம்பும் முன் கேளுங்கள்.

ஆயா வீடு | டிசம்பர் 12, மாலை 4.50

மூடிய செருப்பு என்று செவிலி சொன்னது கண்மாய்க்கரைக்குச் சரி. கோயில்காட்டுக்குள் செருப்புப் போடக்கூடாது. எங்கள் ஆயா காலத்தில் காட்டு எல்லையில் உள்ள புளியமரத்தடியிலேயே கழற்றிவிடுவார்கள். இப்போதும் அதுதான் வழக்கம். அதனால் கண்டபடி மரத்துக்குள் புகாதீர்கள். எல்லையில் இருந்து அய்யனார் சன்னிதி வரை பூசாரி கூட்டி வைத்திருக்கும் தடம் ஒன்று இருக்கும், அதிலேயே போய் அதிலேயே வாருங்கள். மண் தெரிகிற தடத்தில் வெறுங்காலோடு போவதில் பயமில்லை.

காட்டில் இருந்து சுள்ளிகூட எடுத்துவரக்கூடாது. விழுந்த கொப்பு அங்கேயே மக்கவேண்டும். பிள்ளைகள் விதை, இறகு பொறுக்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். காட்டுக்கு வெளியே கரையில் பொறுக்கட்டும். நேர்த்திக்கடனுக்கு வைத்த மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். வேளார் (மண்பாண்டம் செய்கிறவர்கள்) செய்து, புரவி எடுப்புத் திருவிழாவில் ஊரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தது. பழைய குதிரைகளின் தலை உடைந்து கிடக்கும், உள்ளே செடி முளைத்திருக்கும். அதைச் சரிசெய்வதும் இல்லை, அகற்றுவதும் இல்லை, அப்படியே மண்ணாகவேண்டும். மேலே பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்கவேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில ஊர்க் காடுகளில் பெண்கள் குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. கேட்டுக்கொண்டு போங்கள்.

தேன்குழல் | டிசம்பர் 12, இரவு 8.05

ஆச்சி, சுள்ளியும் குதிரையும் புரிகிறது, பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு அண்ணனை மட்டும் உள்ளே விடும் காட்டுக்கு நாங்கள் போகமாட்டோம். அப்படி இல்லாத ஊர் போதும்.

கண்மாய்க்கரை | டிசம்பர் 12, இரவு 9.20

எங்கள் ஊரில் அப்படி இல்லை. பெண்கள்தான் செவ்வாய், வெள்ளி விளக்குப் போடப் போகிறார்கள். தைரியமாக வாருங்கள்.

ஊருக்கு ஒரு பூங்கா | டிசம்பர் 13, காலை 11.30

எல்லாரும் சொல்வதைப் படித்தேன். எனக்கு ஒரு வருத்தம். இந்த வழி நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் தனிச்செய்தியில் கேட்டால்தான் ஊர்ப் பெயர் கிடைக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு உட்கார ஒரு பெஞ்சு இல்லை. கழிப்பறை இல்லை. எந்தப் பக்கம் போவது என்று பலகை இல்லை. கரையில் பேவர் பிளாக் போட்டு, கைப்பிடி வைத்து, நாலு விளக்கு, ஒரு சிற்றுண்டிக் கடை, முடிந்தால் ஒரு படகு. மற்ற மாவட்டங்களில் ஏரிக்கரைகளை அப்படித்தான் செய்கிறார்கள், குடும்பங்கள் வருகின்றன.

நம் ஊர்களைப் பாருங்கள். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. படித்த பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை இல்லை. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிப் போகிறார்கள், கண்மாய்க்கும் வந்தால் இரண்டு நாள் தங்குவார்கள், நாலு பேருக்குப் பிழைப்பு. ஆள் நடமாட்டமே இல்லாத கண்மாயில்தான் குப்பை கொட்டுகிறார்கள், ராத்திரியில் மண் அள்ளுகிறார்கள், கரையை ஒட்டி வேலி போடுகிறார்கள். பார்க்க ஆள் வந்தால் இதெல்லாம் நடக்காது.

ஆயக்கட்டுக்காரன் | டிசம்பர் 13, இரவு 7.45

பூங்கா அண்ணனுக்கு. நான் கண்மாய்க்கரை சொன்ன இந்தக் கண்மாய்த் தண்ணீரில் நெல் போடுகிறவன். ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாயில்தான் மண் அள்ளுகிறார்கள் என்றீர்களே, அது நூற்றுக்கு நூறு உண்மை. மற்றவற்றில் எனக்கு உடன்பாடில்லை, காரணம் சொல்கிறேன்.

கரை என்பது மண். மழைக்கு மழை கரையும், எலி வளை போடும், பனை வேர் பிடித்து நிற்கும். கோடையில் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி) இருந்து மண் எடுத்து அதன் மேலேயே போட்டு உயர்த்தவேண்டும். பேவர் பிளாக் போட்டுவிட்டால் மேலே மண் போட முடியாது. உள்ளே அரிப்பது வெளியே தெரியாது. ஒரு ராத்திரிப் பெருமழையில் கரை உடைந்தால் கீழே உள்ள வயல் மொத்தமும் போகும். கைப்பிடி வைக்கக் குழி தோண்டினால் அதுவே தண்ணீர் கசியும் வாய். டிராக்டரும் அறுப்பு வண்டியும் போகிற வழியும் அதுதான், பெஞ்சு போட்டு அடைக்க முடியாது.

விளக்கு வேண்டவே வேண்டாம். கண்மாயின் நாட்டுக்கருவேல மரங்களில் பறவை அடைகிறது. ராத்திரி வெளிச்சம் அடித்தால் அடுத்த வருடம் வராது. படகு விட்டால் உள்வாயில் மேய்கிற அத்தனையும் எழுந்து போய்விடும். படகு விடுகிறவர் அப்புறம் தண்ணீர் குறையக்கூடாது என்பார், எனக்கோ தை மாதக் கடைசித் தண்ணீர் பயிருக்கு வேண்டும். மடை திறப்பதை யார் முடிவு செய்வது? இப்போது ஊர்க் கூட்டத்தில் பேசி நீர்பாய்ச்சி திறக்கிறார். அதை மாற்றினால் சண்டைதான்.

நத்தைக்குத்தி | டிசம்பர் 13, இரவு 8.30

ஆயக்கட்டுக்காரன் அண்ணன் சொன்னதோடு ஒன்று. இலைக்கோழி அல்லி இலை மேலேயே முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் ஆண் பறவை. படகு ஒரு தடவை அந்தப் பக்கம் போனால் அலையிலேயே முட்டை தண்ணீருக்குள் போய்விடும். படம் எடுக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கூட்டுக்குக் கிட்டே போய், கொப்பை விலக்கி, குஞ்சைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். தாய்ப் பறவை எழுந்தால் அந்த நேரத்தில் காகமும் பருந்தும் குஞ்சைத் தூக்கிவிடும். எட்டு மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி ஒன்று வாங்கிக்கொடுங்கள், கரையில் நின்றே எல்லாம் பார்க்கலாம். டிரோன் கொண்டுவருகிறவர்களை ஊர்க்காரர்கள் திருப்பி அனுப்பவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊருக்கு ஒரு பூங்கா | டிசம்பர் 13, இரவு 10.15

கரை பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. பேவர் பிளாக்கையும் படகையும் விட்டுவிடுகிறேன். ஆனால் கழிப்பறையும் பலகையும் உட்காரும் இடமும் கேட்பது தப்பா? நாலு வயதுப் பிள்ளையோடும் வயதான அம்மாவோடும் வருகிறவர் எங்கே போவார்? கருவேலங்காட்டுக்குள் போ என்று சொல்ல முடியுமா?

ஆயக்கட்டுக்காரன் | டிசம்பர் 14, காலை 5.50

அது தப்பில்லை. கழிப்பறை ஊருணிப் பக்கமும் வேண்டாம், அது இன்னும் குடிக்கிற தண்ணீர். பஸ் நிறுத்தத்திலோ பள்ளிக்கூடத்துப் பக்கமோ ஊராட்சி கட்டட்டும், ஊர்க்காரர்களுக்கும் உதவும். ஊர் முகப்பில் ஒரு பலகை போதும். குழி எங்கே இருக்கிறது, எந்த மாதம் எந்தப் பக்கம் போகக்கூடாது, யாரிடம் கேட்கவேண்டும். மூன்று விஷயம். கலுங்குப் பக்கம் கீழே விழுந்து கிடக்கும் பழைய கல்தூண்களை நிழலில் புரட்டிப் போட்டால் அதுவே உட்காரும் இடம்.

நாவல்மரத்தடி | டிசம்பர் 14, பகல் 12.40

நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளைக் கோயில்காட்டுக்கும் கண்மாய்க்கும் கூட்டிப்போகும் பழக்கம் உண்டு, அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

பறவையைக் காட்டிக் காட்டி நடக்காதீர்கள். பெரியவர்களுக்குத்தான் தூரத்துப் பறவை பிடிக்கும். பிள்ளைகளுக்குக் கையெட்டும் தூரத்தில் உள்ளது வேண்டும். தூக்கணாங்குருவியின் பழைய கூடு கரையில் விழுந்து கிடக்கும். அதைக் கையில் கொடுங்கள். ஓலைக்கீற்றைக் கிழித்து முடிச்சுப் போட்டுப் பின்னியிருப்பதைப் பிரித்துப் பார்க்கட்டும். கட்டுவது ஆண் குருவி, பாதி கட்டி முடித்ததும் பெண் குருவி வந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்விடும் என்று சொன்னால் ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி வரும். ஈர மண்ணில் கால்தடம் பார்க்கச் சொல்லுங்கள். கீரி, நாய், கொக்கு, மயில், ஆடு எல்லாம் தண்ணீர் குடிக்க வந்த தடம் இருக்கும். நத்தை ஓடுகள் குவியலாகக் கிடந்தால் நத்தைக்குத்தி நாரை அங்கே மேய்ந்திருக்கலாம்.

சாப்பிடக் கிடைப்பதும் முக்கியம். பொங்கல் சமயத்தில் இலந்தை பழுத்திருக்கும், சூரைப்பழமும் கிடைக்கலாம், முள் குத்தாமல் பெரியவர் பறித்துக் கொடுக்கவேண்டும். கோடை விடுமுறையில் வந்தால் தண்ணீர் இருக்காது, ஆனால் இலுப்பைப் பூ விழுந்து கிடக்கும், அதற்கப்புறம் பாலைப்பழம், நாவல். நன்றாகத் தெரிந்தவர் கூட இல்லாமல் காட்டுப் பழம் எதையும் வாயில் வைக்கக்கூடாது, குன்றிமணி விதை பார்க்க அழகு, ஆனால் விஷம்.

அப்புறம் காட்டுக்குள் நுழைந்ததும் இலைச் சருகு மேல் யாரோ புரட்டுகிற சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். அது வடக்கே இருந்து குளிர்காலத்துக்கு நம் ஊருக்கு வருகிற பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் ஒரே குருவியில். அது சருகில்தான் புழு தேடும். சருகைக் கூட்டிக் கொளுத்திய தோப்பில் அது வராது. கோயில்காட்டில் எதையும் எடுக்கக்கூடாது என்று ஆச்சி சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சீமைக்கருவேலத்தை எல்லாம் ஒரே நாளில் பிடுங்கவேண்டும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடுங்கத்தான் வேண்டும், அது கண்மாயையே மூடுகிறது. ஆனால் கூடு இருக்கிற மாதத்தில் இயந்திரத்தை இறக்கக்கூடாது. நாட்டுக்கருவேலம், மருது, நீர்மருது, புங்கு என்று முதலில் நட்டுவிட்டு, பறவை போனபிறகு, பகுதி பகுதியாக எடுக்கவேண்டும்.

வளவுக்காரன் | டிசம்பர் 14, மாலை 3.30

வீடு பார்த்துப் பிள்ளைகளுக்குச் சலிக்கிறது என்று தேன்குழல் எழுதியதால் இது. முதலில் நடை போய்விட்டு அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். ஓட்டில் விழும் மழை நடுவே வளவில் இறங்கி, கிடாரத்தில் (பெரிய அண்டா) பிடித்தது போக மிச்சம் வாசல் பக்க வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். தெரு அமைப்பே தண்ணீர் போகும் போக்கில்தான் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தபோது இந்த நீர் அமைப்பும் விண்ணப்பத்தில் இருந்தது. வளவில் நின்று கண்மாயில் பார்த்த மடையை ஞாபகப்படுத்தினால் வீடு சலிக்காது.

சங்கரபதிக் காட்டுப் பக்கமும் சிலர் சொல்வார்கள், காரைக்குடி தேவகோட்டை வழியில். மருது சகோதரர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கோட்டை அங்கே இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கும். நாலு வயதுக்கு வேண்டாம், பழைய சுவர்கள், ஏற ஆசைப்படுவார்கள்.

கண்மாய்க்கரை | டிசம்பர் 14, இரவு 9.00

தேன்குழல், தேதி பற்றி ஒன்று. தை மூன்றாம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு. அன்று காரைக்குடி திருப்பத்தூர்ச் சாலையில் வண்டி நகராது, பிள்ளைகளோடு மாட்டிக்கொள்ளாதீர்கள். மாட்டுப்பொங்கல் அன்று கண்மாயில் மாடு குளிப்பாட்டுவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் பறவை இருக்காது. தை ஐந்துக்கு மேல் வாருங்கள்.

மாமியார் பற்றி யோசித்தேன். கிராவல் சாலையில் கார் கரையடி வரைக்கும் வரும். சரிவில் கையைப் பிடித்து ஏற்றிவிட்டால் மேலே முழுக்கச் சமதரை. மடை வரைக்கும் வந்து பனை நிழலில் நாற்காலி போட்டு உட்காரட்டும். மடக்கு நாற்காலி எங்கள் வீட்டில் இருக்கிறது. உள்வாய் முழுக்க அங்கே இருந்தே தெரியும். நீங்கள் காடு போய்த் திரும்பும் வரை என் அம்மா பேச்சுத்துணைக்கு இருப்பார்.

தேன்குழல் | டிசம்பர் 14, இரவு 10.10

அண்ணே, மாமியாரிடம் படித்துக் காட்டினேன். முழங்கால் வலியை விட்டுவிட்டு எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்கிறார். தை ஆறாம் தேதி காலை வைத்துக்கொள்ளலாமா? பூசாரியிடம் யார் சொல்வது? ஊருக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமா?

கண்மாய்க்கரை | டிசம்பர் 14, இரவு 10.35

ஆறாம் தேதி சரி. பூசாரியிடம் நான் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் எல்லாம் கிடையாது. அய்யனாருக்கு ஒரு தேங்காய், பழம் வாங்கி வந்தால் போதும். நெகிழித் தண்ணீர்ப் புட்டி வேண்டாம், வீட்டுச் சொம்பிலோ எவர்சில்வர்ப் புட்டியிலோ கொண்டுவாருங்கள். காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில், வெள்ளைப் பணியாரமும் கார சட்னியும். கிளம்பும் முதல்நாள் ராத்திரி மழை பெய்தால் கூப்பிடுங்கள், கரை வழுக்கினால் ஒரு நாள் தள்ளி வைத்துக்கொள்வோம்.

ஆயக்கட்டுக்காரன் | டிசம்பர் 15, காலை 5.40

கலுங்குக்கு இந்தப் பக்கம் மூன்றாவது பனையில் கதண்டுக் கூடு இருக்கிறது, நேற்றுத்தான் பார்த்தேன். தீயணைப்புத் துறைக்குச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் வந்து எடுக்காவிட்டால் காட்டுக்குக் கரை வழியாகப் போகாமல் வயல் வரப்பு வழியாகக் கூட்டிப்போங்கள்.